பங்குனிக் கண்காட்சியும் எங்கள் கமக்காரர் சங்கமும்: நினைவில் உள்ளதை எழுதுங்கள்

தொடக்கப் பதிவு – கிளிநொச்சி, இரணைமடு வாய்க்காலின் கடைப்பகுதியிலிருந்து

அப்பா காலமாகி எட்டு மாதங்களுக்குப் பிறகுதான் அவருடைய தகரப்பெட்டியைத் திறக்க மனம் வந்தது. காணி அனுமதிப்பத்திரம், கூட்டுறவுச் சங்கப் பற்றுச்சீட்டுகள், பழைய அடையாள அட்டை, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிஸ்கட் பேணி. பேணிக்குள் நான்கு றப்பர் முத்திரைகள். நான்கும் எங்கள் ஊர்க் கமக்காரர்களுடையவை. ஆட்கள் அதே ஆட்கள், வயலும் அதே வயல். சட்டம் மாறும்போதெல்லாம் பெயர் மாறியிருக்கிறது.

முதல் முத்திரையில் 'விவசாயச் சங்கம்' என்று இருக்கிறது. அது பாட்டனார் காலத்தது. 1936இல் தொடங்கிய கிளிநொச்சிக் குடியேற்றத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து காடு வெட்ட வந்தவர்களில் அவரும் ஒருவர். யானைக்கும் காய்ச்சலுக்கும் நடுவே வரம்பு கட்டியவர்கள் அவர்கள். இலங்கை விவசாயச் சங்கம் 1904இல், ஆளுநர் சேர் ஹென்றி பிளேக் காலத்தில் தொடங்கப்பட்டது. விவசாயத் திணைக்களம் 1912இல்தான் வந்தது. ஊர்க் கிளை, ஆண்டுக் கண்காட்சி, பாடசாலைத் தோட்டம் என்பவற்றைப் பாட்டனாரும் கூட்டாளிகளும் அந்தச் சங்கத்தைப் பார்த்தே பழகிக்கொண்டார்கள் என்று அப்பா சொல்லுவார். இரண்டாவது முத்திரை 'பயிர்ச்செய்கைக் குழு', 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தின் பிள்ளை. மூன்றாவது, 1972ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்து ஐந்தே ஆண்டுகளில் போன குழுவுக்குரியது. நான்காவது இன்று எல்லோரும் அறிந்த 'கமக்காரர் அமைப்பு'. 1991இல் கிடைத்த சட்ட அங்கீகாரத்தையும் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தையும் ஒட்டியது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே, வெள்ளைக்காரர் 1856இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் எழுதுவதற்கும் முன்பே, குளக்கட்டில் கூடி எப்போது விதைப்பது, எவர் பங்கு வாய்க்காலை எவர் வெட்டுவது என்று தீர்மானித்த சனங்கள் வன்னியில் இருந்தார்கள். அவர்களுக்கு முத்திரை தேவைப்படவில்லை.

எனக்கு இப்போது வேண்டியது கண்காட்சியின் கதை. எங்கள் சங்கம் ஒவ்வொரு பங்குனியிலும், மாரிப் பயிரான காலபோகத்தின் அறுவடையும் சூடடிப்பும் முடிந்து நெல் கொம்பறைக்குள் போன பிறகு, பாடசாலை மண்டபத்தில் ஒரு கண்காட்சி நடத்தியது. வாங்குகளைச் சேர்த்துப் போட்டு மேலே வேட்டி விரிப்பார்கள். ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் தானியமும் காய்கறியும். பெண்கள் பக்கத்தில் சுளகு, கடகம், ஒடியல், வடகம், மோர்மிளகாய். முதற் பரிசு மண்வெட்டி, இரண்டாம் பரிசு காட்டுக்கத்தி. முதல் நாள் இரவு எலிக்கும் ஆட்டுக்கும் காவலாக அப்பா அந்த மண்டபத்திலேயே படுப்பார், நானும் கூடப் போவேன். பெற்றோல்மாக்ஸ் விளக்கை அணைத்த பிறகு புதுநெல்லும் பழுத்த வாழைக்குலையும் சேர்ந்து வரும் வாசனைக்காகவே வருடம் முழுவதும் காத்திருந்திருக்கிறேன்.

அப்பா செயலாளராக இருந்தபோது ஒரு விதி கொண்டுவந்தார். விதைநெல் போட்டிக்கு வைப்பவர் கூடவே கொத்து என்ற அளவையால் அளந்து ஒரு கொத்து நெல்லும் கொண்டுவர வேண்டும். பரிசு கொடுத்து முடிந்ததும் அந்த நெல்லை விரும்பியவர்கள் பிடியளவு எடுத்துக்கொண்டு போகலாம். பணம் கிடையாது. எடுத்தவர் அடுத்த பங்குனியில் வந்து அது எப்படி விளைந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.

சங்கத்தின் கூட்டக் குறிப்பேடுகள் எல்லாம் போய்விட்டன. 1996 யுத்த இடப்பெயர்வில் ஒன்று, 2008இல் மீதி. பேணிக்குள் முத்திரைகளோடு ஒரேயொரு பயிற்சிக் கொப்பி மிஞ்சியிருக்கிறது, 1976ஆம் ஆண்டுக்குரியது. அதில் பரிசு பெற்றவர்களின் பெயர்கள் இல்லை. யாருடைய நெல்லை யார் எடுத்துப் போனார் என்பதை முப்பத்தொரு வரிகளில் எழுதி வைத்திருக்கிறார் அப்பா. செயலாளர் ஒருவர் பரிசை விட்டுவிட்டு இதை ஏன் எழுதினார் என்று முதலில் விளங்கவில்லை. இரண்டு மூன்று முறை வாசித்த பிறகு, அவர் கண்காட்சியாக நினைத்தது இதைத்தான் என்று தோன்றியது.

ஊர்ப் பாடசாலை நூலகத்தில் வைப்பதற்காகச் சங்கத்தின் கதையை எழுதத் தொடங்கியிருக்கிறேன். வன்னியில் எந்த ஊரானாலும் சரி, இப்படியான கண்காட்சி, சங்கம், விதை பற்றி உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். சிறிய விடயம் என்று விட்டுவிடாதீர்கள்.

விசுவமடுவிலிருந்து ஒரு பெண்

அண்ணா, உங்கள் பதிவை வாசித்ததும் எனக்கு மூக்கில் ஏறியது செத்தல் மிளகாயின் நெடி.

என் அப்பா படித்த வாலிபர் திட்டத்தில் காணி கிடைத்து விசுவமடுவுக்கு வந்தவர். கையில் சான்றிதழ் இருந்தது, வேலை இருக்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு அந்தக் காலம் கைகொடுத்தது. 1970க்கும் 1977க்கும் இடையில் வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வருவதை அரசாங்கம் தடுத்திருந்ததால், வன்னி மிளகாய்க்குக் கொழும்பு வரை விலை இருந்தது. முற்றம் முழுவதும் பாய் விரித்துக் காயவைத்திருப்போம். மழை இருட்டினால் பாடசாலையிலிருந்து பிள்ளைகள் ஓடி வரவேண்டும், ஆசிரியர்களும் தடுக்க மாட்டார்கள். பழம் பறித்த கை இரவு முழுவதும் எரியும். அம்மா தேங்காயெண்ணெய் பூசிவிடுவார்.

எங்கள் பக்கத்துக் கண்காட்சியில் செத்தலுக்கென்று தனி மேசை இருந்தது. காம்பு ஒடியாமல், வெள்ளை விழாமல், ஒரே நீளத்தில் ஐம்பது செத்தல் ஒரு தட்டில் வைக்க வேண்டும். நடுவர் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். விதை கலகலக்க வேண்டும். அப்பா அந்த ஐம்பதையும் தெரிவுசெய்ய மூன்று இரவுகள் விழித்திருந்தார். நான் லாம்பு பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் எங்களுக்குப் பரிசு கிடைத்தது. மண்வெட்டிதான். பிடி மூன்று முறை மாறியிருக்கிறது, இலை தேய்ந்து அரைவாசியாகிவிட்டது, இன்னும் வீட்டில் நிற்கிறது.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. லொறிகள் குறைந்தன. 78 பங்குனிக் கண்காட்சியில் செத்தல் மேசையில் நான்கே நான்கு தட்டுகள் இருந்தன. நாட்டின் பொருளாதாரம் மாறியதை நான் ஒன்பது வயதில் அந்த மேசையில் பார்த்தேன். பிறகு அப்பாவோடு வந்தவர்களில் பலர் வெளிநாட்டுக்கும் கடைத் தொழிலுக்கும் போனார்கள். அப்பா போகவில்லை.

ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர், வவுனியா

நான் 1974இலிருந்து வன்னியின் பல பகுதிகளில் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். இத்தகைய கண்காட்சிகளில் குறைந்தது இருபதிலாவது நடுவராக இருந்திருப்பேன். அதனால் மேசைக்கு மறுபக்கத்தில் நின்றவனின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் ஒன்று ஐம்பது ஆண்டுகளாக மனதில் கிடக்கிறது.

அப்போது எங்களுக்கு இரண்டு நெல்லினங்களின் பெயர்கள் மந்திரம் போல. ஒன்று எச்-4, மற்றது பி.ஜி. 11-11. எச்-4 பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1958இல் வந்தது. அதன் தாய்வழி எது தெரியுமா? நம் பழைய முருங்கைக்காயன். முருங்கைக்காயன் 302ஐ இந்தோனேசியாவின் 'மாஸ்' என்ற நெல்லோடு கலந்து எடுத்ததே எச்-4. சிவப்பரிசி என்பதால் எங்கள் சனங்கள் புழுங்கலாக்கி விருப்பத்தோடு சாப்பிட்டார்கள். 1970இல் வந்த பி.ஜி. 11-11 குட்டையானது, உரத்தை வாங்கிக்கொண்டும் சாயாமல் நிற்கும், விளைச்சல் அதிகம். நெல்லில் நாடு தன்னிறைவு காண வேண்டும் என்ற காலம் அது. திணைக்களம் சொன்னதை நாங்கள் நம்பினோம். நம்பியதில் பிழையில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பசித்தவனுக்கு மூடை கணக்கு முக்கியம்.

அப்படியான ஒரு பங்குனியில், முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு சிறிய குளத்தின் கீழுள்ள ஊரில் விதைநெல் மேசைக்கு நடுவராக நின்றேன். ஓர் ஆச்சி மண்முட்டியில் மொட்டைக்கறுப்பன் என்ற பழைய இன நெல் கொண்டுவந்திருந்தார். கறுத்த உமி, மணி எல்லாம் ஒரே அளவு, கல் இல்லை, பதர் இல்லை, பிற இனக் கலப்பு ஒரு மணிகூட இல்லை. விதைநெல்லுக்கு வேண்டிய இலக்கணம் அத்தனையும் அதில் இருந்தது. நான் அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பி.ஜி. 11-11 தட்டுக்கு முதலிடம் கொடுத்தேன். அந்தத் தட்டில் கலப்பு இருந்தது, எனக்கே தெரியும். ஆனால் புதிய இனத்தை ஊக்குவிக்க வேண்டும் என்பது மேலிருந்து வந்த வழிகாட்டல்.

பரிசு முடிந்த பிறகு ஆச்சி என்னிடம் வந்தார். கோபமாக வரவில்லை. "தம்பி, என்னுடைய நெல்லில் என்ன குறை?" என்று கேட்டார். நெல்லில் குறை இல்லை ஆச்சி, பயிர் உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும், விளைச்சல் குறைவு, இனி இந்தக் குட்டை இனத்தைப் போடுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி தம்பி. நெல்லை நீங்கள் தருகிறீர்கள். என்னுடைய மாட்டுக்கு வைக்கோல் யார் தருவார்? வீட்டுக்கு மேல் என்ன போடுவது?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. நான் படித்த பாடத்தில் வைக்கோல் ஒரு விளைச்சலாகக் கணக்கிடப்படவில்லை. அந்த ஆச்சியின் வீட்டில் நெல் பாதி, வைக்கோல் பாதி. கோடைக்கு அவருடைய பட்டி மாடுகள் தின்ன வேண்டும், மாரிக்கு முன் கூரை வேய வேண்டும். மூன்றரை அடி வைக்கோலுக்கும் ஒன்றரை அடி வைக்கோலுக்கும் இடையில் அவருடைய வருடமே இருந்தது.

அதற்குப் பிறகு நான் நடுவராக நின்ற இடங்களில் எல்லாம் பழைய இனத்துக்கு ஒரு மேசை, புதிய இனத்துக்கு ஒரு மேசை என்று பிரித்து வைக்கச் சொன்னேன். சில சங்கங்கள் செய்தன. உங்கள் தந்தையின் சங்கம் செய்தவற்றில் ஒன்றாக இருக்கலாம். அந்தக் கொப்பியில் மொட்டைக்கறுப்பன் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

முறிகண்டியிலிருந்து

எங்கள் வீட்டில் கண்காட்சிக்குப் போட்டது கச்சான், அதாவது நிலக்கடலை, மட்டும். அம்மா முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கச்சான் வறுத்து விற்றவர். ஏ9 வீதியில் போகும் எந்த வாகனமும் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கண்காட்சியில் கச்சானைச் செடியோடு பிடுங்கி, மண் தட்டி, கொத்தாகத் தொங்கவிடுவார்கள். ஒரு செடியில் எத்தனை காய் என்று எண்ணுவதுதான் போட்டி. எண்ணும்போது பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து உரத்து எண்ணுவோம். வேறு சொல்ல என்னிடம் இல்லை, ஆனால் அந்தச் சத்தம் நினைவிருக்கிறது.

முள்ளியவளையிலிருந்து

எங்கள் ஊரில் கண்காட்சி என்ற பெயரில் ஒன்றும் நான் கண்டதில்லை. எங்களுக்கு அது வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல்தான்.

வைகாசியில் கடற்கரையிலிருந்து தீர்த்தம் எடுத்து முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்புநீரில் விளக்கு எரியும் அந்த நாட்களில், வன்னியின் எல்லாக் குளங்களின் கீழிருந்தும் சனங்கள் வருவார்கள். வளந்து என்னும் பொங்கல் பானை வைக்க நேர்ந்தவர்கள் தங்கள் வயல் நெல்லைக் குத்தி அரிசியாக்கிக் கொண்டுவருவார்கள். பொங்கல் பானைகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும்போது பெரியவர்கள் அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது எந்தக் குளத்து நெல்?", "எப்போது விதைத்தது?" என்று கேட்டுக்கொண்டு நடப்பார்கள். என் அப்பு அப்படிக் கேட்டுக் கேட்டே இரண்டு இனங்களை எங்கள் வயலுக்குக் கொண்டுவந்தார். மேசை இல்லை, நடுவர் இல்லை, மண்வெட்டி இல்லை. தொடக்கப் பதிவில் அண்ணா எழுதிய அந்த முப்பத்தொரு வரிகள் எங்கள் ஊரில் அம்மன் வாசலில் எழுதப்பட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்குடியிருப்பு, இப்போது வெளிநாட்டில்

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். விதையைப் பற்றிக் கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

என் ஐயா தொடர்ந்து மூன்று வருடங்கள் விதைநெல்லுக்கு முதற் பரிசு எடுத்தவர். விதைநெல்லைத் தொடுவதற்கு முன் கைகழுவுகிற ஆள். 2008 கடைசியில் யுத்தத்தால் நாங்கள் வீட்டை விட்டுப் போனபோது உழவு இயந்திரப் பெட்டியில் அவர் முதலில் ஏற்றியது இரண்டு மூடை விதைநெல்லை. அம்மா தையல் மெசினை ஏற்றக் கேட்டார், இடம் இல்லை என்றுவிட்டார். மாத்தளனுக்குப் போகும் வழியில் உழவு இயந்திரத்தையும் ஒரு மூடையையும் விட்டோம். மற்ற மூடை எங்களோடு பங்குனி வரை வந்தது.

பங்குனியில் தம்பிக்குக் காய்ச்சல். கொடுக்க ஒன்றும் இல்லை. அம்மா ஐயாவிடம் கேட்கவில்லை. அவரே எழுந்து மூடையின் வாயை அவிழ்த்து நெல்லை அள்ளி, குத்துவதற்கு இரும்புத் தொப்பி ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். கஞ்சி காய்ச்சினோம். பக்கத்துப் பதுங்குகுழிப் பிள்ளைகளுக்கும் கொடுத்தோம். அந்த மூடை ஒன்பது நாட்கள் வந்தது. ஐயா அதில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. விதைநெல்லைச் சாப்பிட்டவன் என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்ள அவரால் முடியவில்லை. எங்களை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

செட்டிகுளத்து முகாமில் கூடாரத்துக்கு வெளியே அரை முழ நிலத்தில் கீரை போட்டார். ஊருக்குத் திரும்பிய பிறகு உலக உணவு விவசாய நிறுவனம் கொடுத்த விதைநெல்லைக் கையெழுத்துப் போட்டு வாங்கினார். நல்ல நெல்தான். ஆனால் வாங்கிய அன்றிரவு அதை ஒரு தட்டில் பரப்பி, கலப்பு நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண்காட்சிக்கு ஆயத்தம் செய்கிறவர் போல இருந்தார். அப்போது அங்கே கண்காட்சியும் இல்லை, சங்கமும் இல்லை, வயலில் கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐயா இப்போது இல்லை.

கிளிநொச்சி, இளம் கமக்காரி

அக்கா எழுதியதற்குப் பிறகு உடனே எழுத முடியவில்லை.

நான் அறிவியல் நகரில் விவசாய பீடத்தில் படித்துவிட்டு இப்போது அப்பாவின் வயலையே செய்கிறேன். எங்கள் கமக்காரர் அமைப்பில் நான்தான் வயது குறைந்த உறுப்பினர். அமைப்பு என்றால் இப்போது என்ன செய்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். உர மானியப் பட்டியல், கோடைப் பயிரான சிறுபோகத்துக்கு யாருக்கு எவ்வளவு காணி, வாய்க்கால் துப்புரவு, உழவு இயந்திரக் கூலி. இரணைமடுவில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறதோ அதைப் பொறுத்துச் சிறுபோகக் காணி ஒதுக்கப்படுவதால், ஒவ்வொரு பங்குனிக் கூட்டமும் சண்டையில்லாமல் முடிவதே பெரிய காரியம். கண்காட்சி பற்றி யாரும் பேசுவதில்லை.

2021இல் பேச வேண்டி வந்தது. அந்த வருடம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்கள். கார்த்திகையில் தடையை நீக்கினார்கள், ஆனால் அதற்குள் விதைத்து முடிந்திருந்தது. 'எங்கள் பாட்டன்மார் உரமில்லாமல் செய்யவில்லையா?' என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். பாட்டன்மார் செய்தார்கள். அவர்களிடம் மொட்டைக்கறுப்பன் இருந்தது, பட்டி மாட்டு எரு இருந்தது, நிலத்தைத் தரிசு விடுவதற்குக் காலம் இருந்தது. எங்களிடம் உரத்துக்கென்றே உருவாக்கிய குட்டை இனம் மட்டும் இருந்தது. என் வயல் மஞ்சளாக நின்றது. பக்கத்து வயலில் அறக்கொட்டிப் பூச்சி விழுந்தது. நல்ல வருடத்தில் எடுக்கும் மூடைகளில் பாதிகூட வரவில்லை.

ஆனால் எங்கள் வாய்க்காலில் ஒரே ஒரு பெரியவர் அரை ஏக்கரில் ஆட்டக்காரி என்ற பழைய நெல் போட்டிருந்தார், வீட்டுச் சாப்பாட்டுக்காக. அது மட்டும் பச்சையாக நின்றது. விளைச்சல் பெரிதாக இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அரை ஏக்கர் ஒரு குடும்பத்தைத் தாங்கும், கடனைத் தாங்காது. பழைய நெல்லே போதும் என்று எழுதுகிறவர்கள் யாருடைய கடன் கொப்பியையும் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். அதே போல, பழைய நெல் எதற்கு என்று கேட்கிறவர்கள் அந்த மார்கழியில் என் வயலைப் பார்க்கவில்லை.

அறுவடை முடிந்ததும் ஏழு பேர் அந்தப் பெரியவரிடம் போய் விதை கேட்டோம். அவர் விற்க மாட்டேன் என்றார். "எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த வருடம் வந்து எப்படி விளைந்தது என்று சொல்லுங்கள்" என்றார். அந்தச் சொல்லை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று அப்போது நான் கேட்கவில்லை. தொடக்கப் பதிவை வாசித்த பிறகு நேற்று மாலை போய்க் கேட்டேன். "இது சங்கத்து விதி பிள்ளை" என்றார். எந்தச் சங்கம் என்று கேட்டேன். "சங்கம்தான்" என்றார். அவருக்கு எண்பத்திரண்டு வயது.

தொடக்கப் பதிவு எழுதியவர்

எல்லோருடையதையும் அச்செடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். புதுக்குடியிருப்புத் தங்கையின் பதிவை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார், பிறகு எழுந்து போய் அடுப்படியில் நின்றார்.

போதனாசிரியர் ஐயா, கொப்பியைப் பார்த்தேன். முப்பத்தொரு வரிகளில் மொட்டைக்கறுப்பன் எடுத்தவர்கள் ஒன்பது பேர். எச்-4 பதினொன்று, பி.ஜி. 11-11 ஏழு, ஆட்டக்காரி ஒன்று. மூன்று வரிகளில் நெல்லின் பெயர் எழுதப்படவில்லை, 'ஆச்சியின் நெல்' என்று மட்டும் இருக்கிறது. அது உங்கள் ஆச்சியாக இருக்க வழியில்லை, ஊர் வேறு. எங்கள் ஊரிலும் ஓர் ஆச்சி இருந்திருக்கிறார்.

இளம் தங்கைக்கு: அந்தப் பெரியவரின் பெயரை இங்கே எழுத வேண்டாம். ஆனால் எந்த வாய்க்கால் என்று எனக்குத் தனியாகச் சொல்ல முடியுமா? கொப்பியில் ஒரு வரியில் 'தம்பியார், ஒரு பிடி, ஆட்டக்காரி' என்று இருக்கிறது. எண்பத்திரண்டு வயது என்றால் 1976இல் முப்பது சொச்சம். ஞாயிற்றுக்கிழமை கொப்பியோடு வருகிறேன்.

விசுவமடு அக்கா, அந்த மண்வெட்டியின் படம் ஒன்று எடுத்து அனுப்புங்கள். சங்கக் கதையின் முதல் பக்கத்தில் அதைப் போட விரும்புகிறேன்.

ஓர் ஆசிரியை, கண்டாவளைப் பகுதி

நாங்கள் எங்கள் பாடசாலையில் வரும் பங்குனியில் விதைநெல் போட்டி ஒன்று வைக்கத் தீர்மானித்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு கொத்து கொண்டுவருவார்கள். மேலதிகக் கொத்து விதியும் இருக்கும். போதனாசிரியர் ஐயா, நடுவருக்கு நெல் பார்க்கத் தெரியாது, நடுவர் நான்தான். எப்படிப் பார்ப்பது?

ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்

பிள்ளை, நல்ல வேலை. முதலில் ஒரு பிடி நெல்லை வெள்ளைத் தாளில் பரப்பிக் கலப்பைப் பாருங்கள். நிறம், நீளம், மீசை வேறாக உள்ள மணிகளை எண்ணுங்கள். களை விதை ஒன்று இருந்தாலும் புள்ளி குறையுங்கள். பிறகு நூறு மணியை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, ஒரு வாரத்தில் எத்தனை முளைத்தன என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். எண்பத்தைந்துக்குக் கீழே முளைத்தால் அதை விதை என்று சொல்ல முடியாது.

பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் விடப் பிடிப்பது முட்டைச் சோதனை. ஒரு வாளித் தண்ணீரில் புதிய கோழிமுட்டையைப் போட்டால் அடியில் கிடக்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வாருங்கள். முட்டை மேலே வந்து, பழைய இருபத்தைந்து சதக் குற்றி அளவுக்கு ஓடு வெளியே தெரிந்ததும் உப்பை நிறுத்துங்கள். முட்டையை எடுத்துவிட்டு நெல்லைப் போடுங்கள். மிதப்பதை அள்ளிக் கோழிக்குப் போடலாம், தாழ்ந்தது விதை. தாழ்ந்ததை உடனே நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவ வேண்டும், உப்பு ஒட்டியிருந்தால் முளைக்காது. இதை மறந்துவிட்டு ஒரு வருடம் ஒரு சங்கத்தின் விதை முழுவதையும் நான் கெடுத்திருக்கிறேன்.

மொட்டைக்கறுப்பன் யாராவது கொண்டுவந்தால் தனி மேசை போடுங்கள். பங்குனியில் என்றைக்கு என்று சொல்லுங்கள், காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.